லிங்க் சேர்த்தது போதும்

பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் "குழந்தைகளுக்குப் பயன்படும் 50 இணையதளங்கள்" என்றொரு பட்டியல் சுற்றிக்கொண்டே இருக்கும். யாரும் திறந்து பார்ப்பதில்லை. அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுவதோடு கடமை முடிந்தது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு இரண்டே போதும் என்பேன்: பாடப்புத்தகத்திலேயே இருக்கும் கியூஆர் கோடு, வாசிக்கக் கொஞ்சம் கதை.

தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் அந்தக் கோடு அச்சாகியிருக்கிறது. "ஸ்கேன் பண்ணினேன், ஒண்ணும் வரலை" என்பவர்கள், பாட வீடியோக்கள் இருக்கும் மத்திய அரசின் தீக்‌ஷா செயலியைத் திறந்து அதற்குள் இருக்கும் ஸ்கேனரில் காட்டிப் பாருங்கள். பக்கம் கசங்கி, சாம்பார் பட்டுக் கோடு படியவில்லையா? அதன் கீழே ஆறு எழுத்துக் குறியீடு இருக்கும், அதைத் தட்டினாலும் அதே பாடம்தான். செயலி முதலில் பாடத்திட்டம், பயிற்றுமொழி, வகுப்பு கேட்கும். அவசரத்தில் ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டால் முகப்பில் சம்பந்தமில்லாத பாடங்கள் வந்து நிற்கும். வைஃபை கிடைக்கும் இடத்தில் பதிவிறக்கி வைத்துக்கொண்டால் பிறகு நெட் இல்லாமலே ஓடும்.

வீடியோ பார்த்ததும் படித்தாயிற்று என்று நினைக்க வேண்டாம். போனை வாங்கி வைத்துவிட்டு, "என்ன சொன்னாங்க, சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். மூன்று வாக்கியம் வரவில்லை என்றால் புத்தகத்தைத் திறக்க வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால் இதைவிட முக்கியம் வாசிப்பு. குழந்தைகள் புத்தகம் போடும் பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். வாசிக்க எவ்வளவு எளிது, கடினம் என்பதைப் பார்த்து அவற்றை நிலை நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். இங்கே பெற்றோர் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பிள்ளை நான்காம் வகுப்பு, அதனால் நான்காம் நிலைக் கதை என்று எடுத்துவிடுகிறார்கள். நிலைக்கும் வகுப்புக்கும் சம்பந்தமே இல்லை. முதல் நிலைக் கதை 250 சொல்லுக்குள் முடியும். நான்காம் நிலை 1500 சொல்லைத் தாண்டும். தடுமாறி வாசிக்கும் பிள்ளை அதை இரண்டாம் பக்கத்திலேயே மூடிவைக்கும், "எனக்குத் தமிழ் வராது" என்ற முடிவோடு. ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். நாலைந்து சொல்லில் சிக்கினால் ஒரு நிலை இறங்குங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை முதல் நிலையில் தொடங்கினால் மானம் ஒன்றும் போய்விடாது. (பக்கத்து வீட்டுக்குச் சொல்லாமல் இருந்தால் சரி.)

இன்னொன்று, அங்கே யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து ஏற்றலாம். அதனால் சில கதைகளில் தமிழ் கல்லும் முள்ளுமாக இருக்கும். கொடுக்கும் முன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. நல்ல கதையாக அமைந்தால் அதே கதை ஆங்கிலத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் முதலில் வாசித்துக் கதை தெரிந்துவிட்ட பிள்ளை, ஆங்கிலச் சொல்லுக்குப் பொருளைப் படத்திலிருந்தும் ஞாபகத்திலிருந்தும் தானே பிடித்துக்கொள்ளும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் கட்டணம் கட்டும் முன் இதை ஒரு மாதம் செய்து பார்க்கலாம்.

திரையில் வாசிக்க வைத்தால் மேலே நோட்டிஃபிகேஷன் வந்த நொடியில் பிள்ளை யூடியூபுக்குத் தாவியிருக்கும். பிடிஎஃப் இறக்கி, ஒரு தாளுக்கு இரண்டு பக்கம் வைத்துக் கருப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, ஓரத்தில் ஒரு ஸ்டேப்ளர் பின் அடியுங்கள். படங்களுக்கு வண்ணம் தீட்டும் வேலையைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.