கப்பலில் யார் யார் இருப்பார்கள் என்பது டிக்கெட் போடும்போதே தெரிந்துவிடும்

உல்லாசக் கப்பல் பயணம் பற்றிக் கேட்டால், "குரூஸ் எல்லாம் ரிட்டயர் ஆனவங்க போறது" என்கிறார்கள் சிலர். "ஒரே குழந்தைங்க கூச்சல், நீச்சல் குளத்துப் பக்கமே போக முடியல" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. போன கப்பல் வேறாக இருக்கும். அல்லது கப்பல் ஒன்றே, மாதம் வேறு.

குரூஸ் நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான சிஎல்ஐஏ தரும் கணக்கில் பயணிகளின் சராசரி வயது 46-ஐ ஒட்டி வருகிறது. அந்த எண்ணால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. 8 வயதுப் பேத்தி, 50 வயது அப்பா, 80 வயது தாத்தா, மூவருக்கும் சராசரி போட்டாலும் 46தான்.

வயதைத் தீர்மானிப்பதில் முதல் இடம் பயண நாட்களுக்கு. 3 முதல் 5 இரவுப் பயணங்களில் இளைஞர் கூட்டம் அதிகம்: நண்பர்கள் குழு, கல்யாணத்துக்கு முந்தைய பார்ட்டி, முதன்முறையாகக் கப்பல் ஏறுபவர்கள். லீவும் பணமும் அவ்வளவுதான் அனுமதிக்கும். 7 இரவு என்றால் குடும்பங்கள். 10, 14 இரவு என்று நீள நீளத் தலை நரைத்துக்கொண்டே போகும். 100 நாளுக்கு மேல் போகும் உலகப் பயணங்களில் பெரும்பான்மை ஓய்வு பெற்றவர்கள்தான். அவ்வளவு நாள் லீவு வேறு யாருக்குக் கிடைக்கும்?

அடுத்தது மாதம். கரீபியன் கடலில் ஓடும் ஒரே கப்பலை ஜூலையிலும் ஜனவரி நடுவிலும் பார்த்தால் இரண்டு வேறு கப்பல் என்றே நினைப்பீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் நடுவரை, கிறிஸ்துமஸ், ஈஸ்டர் எல்லாம் பள்ளி விடுமுறைக் காலம். அமைதி வேண்டும் என்பவர்கள் செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரைக்கும் (நவம்பர் கடைசியில் வரும் அமெரிக்க நன்றி நாள் விடுமுறை வாரம் தவிர), புத்தாண்டு முடிந்த ஜனவரியிலும் பார்க்கலாம். இன்னும் அமைதி வேண்டுமென்றால் கப்பல்கள் இடம் மாறும் பயணங்கள் இருக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் கரீபியனிலிருந்து ஐரோப்பாவுக்கும், அக்டோபர், நவம்பரில் திரும்பவும் அட்லாண்டிக்கைக் கடப்பார்கள். தொடர்ந்து ஐந்தாறு நாள் கரையே தெரியாது. குழந்தைகள் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள்.

ஜூலை மாதத்து 7 இரவுப் பயணத்தை வாங்கிவிட்டு, குழந்தைகள் அதிகம் என்று விமர்சனத்தில் ஒரு நட்சத்திரம் போடுவது நியாயமே இல்லை. அது கப்பலின் குற்றமும் அல்ல, அந்தக் குழந்தைகளின் குற்றமும் அல்ல. குழந்தையே வேண்டாம் என்றால் அதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. வர்ஜின் வாயேஜஸ், வைக்கிங் இரண்டிலும் 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. பி அண்ட் ஓ நிறுவனத்தில் ஆர்கேடியா, அரோரா என்ற இரண்டு கப்பல்கள் பெரியவர்களுக்கு மட்டும். பிரிட்டனின் சாகா இன்னும் ஒரு படி மேலே போய் 50 வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. கூட வருபவருக்கு 40 ஆகியிருந்தால் போதும். வர்ஜினில் குழந்தை இல்லையே தவிர அமைதி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், இசை நள்ளிரவு தாண்டியும் ஓடும். அமைதிக்கு வைக்கிங்.

மற்ற பெரிய கப்பல்கள் எல்லா வயதையும் ஏற்றிக்கொண்டு, உள்ளே பிரித்துவைக்கின்றன. ராயல் கரீபியன் நிறுவனம் 2024 ஜனவரியில் ஓட்டத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் என்ற கப்பல் உச்சக் கொள்ளளவில் சுமார் 7,600 பயணிகளை ஏற்றும். அதில் சின்னக் குழந்தை உள்ள குடும்பங்களுக்கென்றே சர்ஃப்சைடு என்று ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார்கள். சாப்பாடு, தண்ணீர் விளையாட்டு, பெற்றோர் உட்கார இடம் எல்லாம் அங்கேயே இருப்பதால் அந்தக் குடும்பங்கள் அதிகம் வெளியே வருவதில்லை. ராயல் கரீபியனின் பல கப்பல்களில் பெரியவர்களுக்கான சோலாரியம் என்ற பகுதிக்குள் போக 16 வயது ஆகியிருக்க வேண்டும். ஆகவே பயணிகள் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயப்படாமல் டெக் (கப்பலின் தளம்) வரைபடத்தைத் திறந்து, பெரியவர்கள் பகுதி எவ்வளவு பெரியது, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று பாருங்கள். 250 பேர் படுக்க நாற்காலி இருப்பதும் 40 பேருக்கு இருப்பதும் ஒன்றல்ல.

கைக்குழந்தை விஷயத்தில் ஏமாறுபவர்கள் நிறைய. பல நிறுவனங்களில் குறைந்தபட்ச வயது 6 மாதம். ஆனால் கடலிலேயே 3 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து இருக்கும் பயணங்களுக்கு 12 மாதம் கேட்பார்கள். கப்பல் கிளம்பும் நாளன்று அந்த வயது ஆகியிருக்க வேண்டும், டிக்கெட் போடும் நாளன்று அல்ல. இன்னும் பெரிய ஏமாற்றம் டயப்பர். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களில் டயப்பர் போடும் குழந்தையைப் பொதுக் குளத்தில் இறக்கக் கூடாது. நீச்சல் டயப்பரும் செல்லாது. மலம் கலந்தால் குளத்தை மூடிக் குளோரின் ஏற்ற வேண்டும் என்பதுதான் காரணம். சில கப்பல்களில் மட்டும் கைக்குழந்தைகளுக்கென்று தனித் தண்ணீர்ப் பகுதி இருக்கும். கிட்ஸ் கிளப்பிலும் இதே பிரச்சினை: ராயல் கரீபியனில் 3 வயது முடிந்து டயப்பரை விட்டிருக்க வேண்டும், கார்னிவலில் 2 வயதிலேயே சேர்த்துக்கொண்டு டயப்பரும் மாற்றுவார்கள். டிஸ்னியில் 6 மாதத்திலிருந்தே நர்சரி உண்டு. மணிக்கணக்குக் கட்டணம், இடமும் குறைவு, முன்பதிவு திறந்த உடனே போட வேண்டும்.

8, 9 வயதுக் குழந்தைகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். கிளப்பை விட்டு வர மாட்டேன் என்பார்கள்.

12 முதல் 17 வயதுதான் கஷ்டம். டீன் கிளப்பில் கூட்டு சேர்வது முதல் நாள் இரவில் நடந்து முடிந்துவிடுகிறது. மூன்றாம் நாள் போகும் பிள்ளைக்கு எல்லோரும் ஏற்கெனவே நண்பர்களாகிவிட்டது போலத் தெரியும், திரும்பி வந்து கேபினில் படுத்துக்கொள்ளும். எனவே முதல் இரவுக் குடும்பச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டு அனுப்பிவிடுங்கள். நள்ளிரவு 1 மணிக்கு மேல் பெரியவர் துணையில்லாமல் சுற்றக் கூடாது என்ற ஊரடங்கு பல கப்பல்களில் இருக்கிறது. கிளம்பும் முன்பே சொல்லிவிட்டால் அங்கே சண்டை இருக்காது.

யாரும் பேசாத வயது 18 முதல் 20. டீன் கிளப்பில் 17 வயதோடு கதவு சாத்தப்படும். அமெரிக்காவிலிருந்து கிளம்பும் கப்பல்களில் மது வாங்க 21 ஆக வேண்டும். பல கப்பல்களில் கசினோவில் சூதாட 18 போதும், ஆனால் ஒரு பீர் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். இந்த விதியை யோசித்தவர்களை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் பயணங்களில் பொதுவாக 18 வயதே போதும். வீட்டில் 19 வயதுப் பிள்ளை இருந்தால் கரீபியனைவிட மத்தியத்தரைக்கடல் பக்கம் போவதே என் சிபாரிசு.

இதே 21 கேபின் பதிவிலும் வந்து நிற்கும். அமெரிக்கப் புறப்பாடுகளில் ஒவ்வொரு கேபினிலும் 21 வயதான ஒருவராவது இருக்க வேண்டும் என்பது பரவலான விதி, கார்னிவலில் 21 ஆகாதவரோடு அதே கேபினில் வரும் உறவினருக்கோ பாதுகாவலருக்கோ 25 ஆகியிருக்க வேண்டும். பெற்றோர் பக்கத்து கேபினில் இருந்தால் பல நிறுவனங்கள் தளர்த்தும். இல்லையென்றால் பதிவில் ஒரு கேபினுக்கு ஒரு பெரியவர் என்று போட்டுவிட்டு, கப்பலில் கூடுதல் சாவி வாங்கி வசதிப்படி படுத்துக்கொள்வது வழக்கம். டிரிங்க்ஸ் பேக்கேஜ் (குடிவகைகளுக்கு மொத்தமாகக் கட்டும் கட்டணம்) வாங்கும் எண்ணம் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. ஒரு கேபினில் ஒரு பெரியவர் வாங்கினால் அதே கேபினில் உள்ள மற்ற பெரியவர்களும் வாங்கியாக வேண்டும் என்று பல நிறுவனங்கள் சொல்கின்றன. குடிக்கும் மாமாவையும் குடிக்காத பாட்டியையும் ஒரே கேபினில் பதிவு செய்தால் பாட்டிக்கும் சேர்த்துத்தான் பில்.

நான்கு பேர் படுக்கும் கேபின்கள் முதலில் தீர்ந்துவிடும். சில சமயம் கேபின் காலியாக இருந்தும் இரண்டு பேருக்கு மேல் ஏற்காது. அந்தப் பகுதிக்கு ஒதுக்கிய உயிர்காப்புப் படகில் இடம் நிறைந்திருக்கும், முகவர் எவ்வளவு கெஞ்சினாலும் நடக்காது. மூன்று தலைமுறையாகப் போகிறவர்கள் குழந்தைகளோடு ஒரு நான்கு பேர் கேபின், அதையொட்டித் தாத்தா பாட்டிக்கு இரண்டு பேர் கேபின் என்று ஓர் ஆண்டு முன்பே போடுவது நல்லது. நடுவில் கதவு உள்ள இணை கேபினில் அந்தக் கதவு வழியாகச் சத்தமும் வரும் என்பதைப் பாட்டியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

வயதானவர்களைச் சிரமப்படுத்துவது நடை. பெரிய கப்பல்கள் 300 மீட்டருக்கு மேல் நீளம். பெரும்பாலும் அரங்கம் முன்கோடியில், சாப்பாட்டுக்கூடம் பின்கோடியில். நடுப்பகுதியில், லிஃப்ட்டுக்குப் பக்கத்தில், கீழ் டெக்கில் கேபின் எடுத்தால் நடையும் குறையும், கப்பல் ஆட்டமும் குறைவாகத் தெரியும். மொபிலிட்டி ஸ்கூட்டரைத் தாழ்வாரத்தில் நிறுத்த விடமாட்டார்கள், அவசரத்தில் ஆட்கள் ஓடும் வழி அது. சாதாரணக் கேபின் கதவில் பல ஸ்கூட்டர்கள் நுழையாது, ஆகவே மாற்றுத்திறனாளிகளுக்கான கேபின் வேண்டும். கப்பல் கரையில் கட்டாமல் சிறு படகில் இறக்கும் ஊர்களையும் முன்பே பாருங்கள். கிரேக்கத் தீவான சாண்டோரினியில் படகிலிருந்து இறங்கினாலும் மேலே போகக் கேபிள் கார் வரிசையில் நிற்க வேண்டும், அல்லது 500-க்கு மேல் படி ஏற வேண்டும். அலை அதிகமாக இருந்தால் சக்கர நாற்காலிக்காரர்களைப் படகில் ஏற்றவே மாட்டார்கள். மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும். ஒப்படைத்த பெட்டி கேபினுக்கு வரச் சாயங்காலம் ஆகிவிடலாம்.

பெற்றோர் இல்லாமல் தாத்தா பாட்டி மட்டும் பேரப்பிள்ளைகளை அழைத்துப் போனால் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட, நோட்டரி சான்று பெற்ற அனுமதிக் கடிதம் கையில் இருக்க வேண்டும். சிகிச்சைக்கு ஒப்புதல் தரும் அதிகாரத்தையும் அதிலேயே எழுதிவிடுங்கள். துறைமுக கவுன்டரில் திருப்பி அனுப்பப்படும் குடும்பங்களில் இந்தக் கடிதம் இல்லாதவர்களும் உண்டு.

ஏறிய உடனே கேபினில் குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர்களுடையது மட்டும் இருந்தால் கேபின் பணியாளரிடம் கேளுங்கள், தருவார்கள். கிட்ஸ் கிளப்பில் தரும் கைப்பட்டையில் உங்கள் அவசரக் கூடுமிடத்தின் எண் இருக்கும். கிளப்பில் இருக்கும் குழந்தையை ஊழியர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் உங்களிடம் கொண்டுவருவார்கள். இரண்டு கேபின்கள் தள்ளித் தள்ளி அமைந்துவிட்டால் இரண்டுக்கும் கூடுமிடம் வேறாக இருக்கலாம். பட்டையில் இருப்பது அப்பா அம்மாவுடைய எண்ணா, தாத்தா பாட்டியுடையதா என்று முதல் நாளே சரிபார்த்துவிடுங்கள்.