ஊரையே கொடுத்தவன் மீன் பட்டியலைக் கொடுக்கவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சில வீடியோ கேம்களின் முடிவுகளை இங்கே போட்டு உடைக்கப்போகிறேன். விளையாடும் எண்ணம் உள்ளவர்கள் இத்தோடு நகர்ந்துவிடுங்கள்.

2015-இல் ஐந்து பாகங்களாக வந்த 'லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்' விளையாட்டைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஒரே கேள்விதான்: "க்ளோயியைக் காப்பாற்றினீர்களா, ஊரையா?" ஊரின் பெயர் ஆர்கேடியா பே. அமெரிக்காவின் ஆரிகன் கடலோரத்தில் இருப்பதாகக் கற்பனை செய்த சிற்றூர். அங்கே புகைப்படக் கலை படிக்க வந்த 18 வயது மேக்ஸுக்குக் காலத்தைப் பின்னால் ஓட்டும் சக்தி கிடைக்கிறது. பள்ளிக் கழிவறையில் சுடப்படும் தோழி க்ளோயியை அதை வைத்துப் பிழைக்க வைக்கிறாள். அப்படி விதியில் கைவைத்ததற்குத்தான் ஊரை விழுங்கச் சூறாவளி வருகிறது என்கிறது கதை. கடைசியில் கலங்கரை விளக்கத்தடியில் நின்று நாம் முடிவெடுக்க வேண்டும். க்ளோயி அன்றே செத்ததாக விட்டுவிடுவதா, ஊர் அழியட்டும் என்று விடுவதா?

நான் ஊரைக் கொடுத்தேன். அந்த ஊர் உணவகத்தில் வேலை செய்யும் ஜாய்ஸ், க்ளோயியின் அம்மா. அவர் புயலில் சாக வேண்டியவர் அல்ல என்று மகளே கண்கலங்கச் சொல்கிறாள். அதையும் கேட்டுவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினேன். தொண்டை அடைத்தது உண்மை. எல்லாம் முடிந்ததும், உலகத்தில் எத்தனை விழுக்காட்டினர் எதைத் தேர்ந்தார்கள் என்று திரையில் காட்டினார்கள். தேர்வு முடிவு வந்த அன்று பக்கத்து வீட்டுப் பையனின் மதிப்பெண்ணைத் தேடுவதுபோல அதைத் தேடிப் படித்தேன். அரை மணி நேரம் கழித்து அதே காட்சிக்குத் திரும்பிப் போய் க்ளோயி சாகும் முடிவையும் பார்த்தேன். அப்போது என் கையில் முறுக்கு இருந்தது.

எது சரியான முடிவு என்று பத்து வருடமாக நடக்கும் சண்டையில் எனக்கு ஆர்வம் போனது அந்த முறுக்கினால்தான். திரும்ப வாங்கிக்கொள்ள முடிகிற ஒன்றைக் கொடுப்பதற்குப் பெயர் தியாகமா?

இத்தனைக்கும் அதே விளையாட்டு இரண்டாம் பாகத்தில் இதைச் சரியாகச் செய்திருக்கிறது. எல்லோராலும் கேலி செய்யப்பட்ட கேட் என்ற மாணவி மாடி விளிம்பில் நிற்கிறாள். மேக்ஸின் சக்தி அந்த நேரம் பார்த்துத் தீர்ந்துபோகிறது. தவறாகப் பேசிவிட்டால் காலத்தைப் பின்னால் ஓட்டிச் சரிசெய்ய வழியில்லை. அதுவரை எந்தப் பேச்சையும் மூன்று முறை ஒத்திகை பார்த்துவிட்டுப் பேசிய நமக்கு அங்கே உள்ளங்கை வியர்க்கிறது. அவள் அறைக்குள் போனபோது நாம் எதையெல்லாம் கவனித்தோம், அவள் குடும்பத்தைப் பற்றி என்ன தெரியும், அவளுக்குப் பிடித்த பைபிள் வசனம் எது என்று கேட்பதுபோல் நகர்கிறது உரையாடல். அலட்சியமாகக் கடந்து போனவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள். கலங்கரை விளக்கத்தைவிட அந்த மொட்டைமாடிதான் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

('தி லாஸ்ட் ஆஃப் அஸ்' என்ற விளையாட்டு வேறு வகை. கடைசியில் மருத்துவமனையில் கதாநாயகன் ஜோயல் மருத்துவரைக் கொல்வதை நாமும் செய்தாக வேண்டும், வேறு வழியே தரமாட்டார்கள். சுட மனமில்லாமல் அறுவை அறையில் வெறுமனே நின்று பார்த்தேன். கதையும் என்னோடு நின்றது. அதைத் தனியாக எழுதுகிறேன்.)

நான் சொல்ல வந்தது 'நியர்: ஆட்டோமேட்டா' என்ற விளையாட்டைப் பற்றி. 2017-இல் வந்தது, இயக்கம் யோகோ டாரோ. இதன் இறுதி முடிவில் படைப்பாளிகளின் பெயர்ப் பட்டியலே எதிரியாகி, திரையில் நாம் ஓட்டும் சிறு கலத்தைச் சுடுகிறது. தனியாக அதைத் தாண்டுவது ஏறக்குறைய நடக்காத காரியம். செத்துச் செத்து விழும்போது, முகம் தெரியாத மற்ற ஆட்டக்காரர்கள் எழுதிவைத்த ஆறுதல் வரிகள் திரையில் வருகின்றன. பிறகு உதவி வேண்டுமா என்று கேட்கிறது. சரி என்றால் அவர்களுடைய கலங்கள் நம்மைச் சுற்றி வந்து நின்று குண்டுகளைத் தாங்கிக்கொள்கின்றன. ஒவ்வொன்று வெடிக்கும்போதும் யாரோ ஒருவரின் தரவு அழிந்தது என்று பெயரோடு காட்டுகிறது.

கரை சேர்ந்தபின் நம்மிடம் கேட்கிறது: உன்னைப்போல் தவிக்கும் ஒருவருக்கு உதவுவாயா? அதற்கு விலை, நீ சேமித்து வைத்த ஆட்டம் முழுவதும். நன்றி கிடைக்காமல் போகலாம், பரவாயில்லையா? நீ காப்பாற்றுகிறவர் உனக்கு அறவே பிடிக்காத ஆளாகக்கூட இருக்கலாம், சம்மதமா? ஆம் என்றால் ஆயுதங்கள், வரைபடம், எல்லாம் கண்ணெதிரே பட்டியல் பட்டியலாக அழியும்.

நாற்பது மணி நேரம் உழைத்திருந்தேன். அந்த விளையாட்டில் மீன் பிடிக்கலாம், பிடித்த மீன்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் பாதிக்குமேல் நிரப்பியிருந்தேன். வேறு எதற்கும் உதவாத பட்டியல். அதை நினைத்துக்கொண்டு 'இல்லை' என்று அழுத்தினேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை, முறுக்கு இரவையும் பார்த்தவள், "ஊரையே கொடுத்தாயே அண்ணா, இதைக் கொடுக்கமாட்டாயா?" என்றாள்.

"அது கதை," என்றேன்.

"இது?"

கன்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். அந்த இறுதிக் காட்சியை மறுபடி விளையாடி இன்றைக்கும் 'ஆம்' சொல்லலாம். மூன்று வருடமாக அந்த விளையாட்டை நான் திறக்கவே இல்லை. மீன்களெல்லாம் பத்திரமாக இருக்கின்றன.