பிள்ளை சைக்கிளில், அம்மா ஸ்கூட்டியில்

காலை எட்டே முக்காலுக்குக் காரைக்குடி கழனிவாசல் பக்கம் வந்தால் எங்களைப் பார்க்கலாம். முன்னால் என் மகள் சைக்கிளில் போவாள். ஒரு சைக்கிள் நீளம் விட்டு, கொஞ்சம் வலப்பக்கமாக, நான் ஸ்கூட்டியில் போவேன். அவள் ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடம் இரண்டரை கிலோமீட்டர். பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போனால் ஏழு நிமிஷத்தில் போய்விடலாம். இப்படிப் போனால் கால் மணி நேரம் ஆகிறது.

ஒரு வருஷமாக இப்படித்தான் போகிறோம். இந்த ஒரு வருஷமும் என்னிடம் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். டீக்கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுவார். "ஏன்த்தா, நீதான் வண்டியில போறியே, பிள்ளையை ஏத்திக்கிட்டுப் போனா என்ன? வெயில்ல மிதிச்சுக்கிட்டு வருது பாவம்." எதிர்வீட்டு ஆச்சிக்கு பெட்ரோல் கவலை. "உனக்கும் செலவு, அதுக்கும் அலுப்பு" என்பார். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பிள்ளை மேல் இருக்கிற அக்கறையில்தான் கேட்கிறார்கள். ரோட்டில் நின்று சொல்ல நேரம் இருப்பதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆறாம் வகுப்பு முடிகிற வரைக்கும் அவள் என் வண்டியின் பின்னால்தான் போனாள். ஒரு நாள் ஊரிலிருந்து வந்த என் தம்பி அவளைக் கூப்பிட்டு வருவதற்காகப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். திரும்பி வரும்போது, "வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்பணும் பாப்பா?" என்று கேட்டிருக்கிறான். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரே ரோட்டில் ஆறு வருஷம் போய் வந்த பிள்ளை அது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தனை வருஷமும் அவள் பார்த்தது ரோட்டை இல்லை, என் முதுகைத்தான்.

அடுத்த வாரமே ஒரு இருபத்து நாலு அங்குல சைக்கிள் வாங்கினோம்.

சைக்கிள் பழக எங்கள் பக்கத்துத் தெருக்களைப் போல வேறு எங்கும் கிடைக்காது என்பது என் எண்ணம். நகரத்தார் வீட்டுத் தெருக்கள் நூல் பிடித்தாற்போல நேராக ஓடும். ஒரு வீட்டின் முகப்பு இந்தத் தெருவில் இருந்தால் கொல்லைக் கதவு அடுத்த தெருவில் இருக்கும். பாதி வீடுகள் பூட்டிக் கிடப்பதால் காலை ஆறு மணிக்கு ஆள் நடமாட்டமே இருக்காது. இரண்டு மாதம் அங்கேதான் ஓட்டினாள். ஆனால் அந்தத் தெருக்களுக்கும் ஒரு ஆபத்து உண்டு, அதை முதலிலேயே சொல்லிக்கொடுத்தேன். மதில் சுவர் தெரு விளிம்பு வரைக்கும் உயரமாக வந்து நிற்கும். முக்குக்கு வந்த பிறகுதான் குறுக்கே என்ன வருகிறது என்று தெரியும். அதனால் ஒவ்வொரு முக்கிலும் பெல் அடிக்க வேண்டும், ஒரு காலை ஊன்ற வேண்டும், எட்டிப் பார்க்க வேண்டும். இப்போது நான் சொல்லாமலே செய்கிறாள்.

தெருவை விட்டு மெயின் ரோட்டுக்கு வந்ததும் கதை வேறு. புதுவயல் பக்கமிருந்து அரிசி மூட்டை ஏற்றிய லாரி வரும், மினி பஸ் வரும், கல்லூரிப் பிள்ளைகளின் பைக் வரும். அங்கேதான் நான் பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கிறது.

பக்கத்தில் என்று சொல்லிவிட்டேன். ஒட்டிக்கொண்டு போவது இல்லை. இதை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் வலியானது. முதல் மாதம் இரண்டு பேரும் பேசிக்கொண்டே ஜோடியாகப் போவோம். எனக்கு அது பிடித்திருந்தது, வீட்டில் சொல்லாததையெல்லாம் அவள் அப்போது சொல்லுவாள். ஒரு நாள் எதிரே ஒரு மினி பஸ் இன்னொரு வண்டியை முந்திக்கொண்டு வந்தது. நான் பதறி இடது பக்கம் ஒதுங்கினேன். என் கைப்பிடி அவள் கைப்பிடியில் இடித்தது. எங்கள் ரோட்டில் தார் முடிந்து செம்மண் தொடங்கும் இடம் நாலு விரல் பள்ளமாக இருக்கும். அவள் முன்சக்கரம் அதில் இறங்கியது. பிள்ளை பயந்து உடனே மேலே ஏற்றப் பார்த்தாள். சக்கரம் தார் விளிம்போடு உரசிக்கொண்டே போய் வழுக்கியது. விழுந்துவிட்டாள். முழங்காலில் செம்மண்ணும் ரத்தமும் ஒன்றாக ஒட்டியிருந்தது, எது எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பின்னால் வண்டி எதுவும் வராதது நாங்கள் செய்த புண்ணியம். அந்த மினி பஸ் மேல் எனக்குக் கோபம்தான், ஆனால் என் பிள்ளையை இடித்தது என் கைப்பிடி.

அதற்குப் பிறகுதான் பின்னால் தள்ளி, வலப்பக்கமாகப் போக ஆரம்பித்தேன். பின்னால் வருகிற லாரிக்காரர் கண்ணில் முதலில் என் வண்டிதான் படும். என்னைச் சுற்றி விலகினால் அவளையும் சுற்றி விலகியதாகிவிடும். நான் இண்டிகேட்டர் போட முடியும், கையும் காட்ட முடியும். பேச்செல்லாம் பள்ளிக்கூடம் போய் இறங்கிய பிறகு. சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டால் இறங்கியபடியே நேராகப் போய், வேகம் குறைந்ததும் நின்று, காலை ஊன்றி, சைக்கிளைத் தூக்கி மேலே வைக்க வேண்டும் என்பதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருணிக் கரையில் பத்துப் பன்னிரண்டு தடவை செய்ய வைத்தேன்.

இப்படிப் போக நினைக்கும் பெற்றோருக்கு இன்னொன்று. கியர் இல்லாத ஸ்கூட்டியைச் சைக்கிள் வேகத்தில் ஓட்டுவது லேசான காரியம் இல்லை. ஆக்சிலேட்டரைத் திருகினால் பாயும், விட்டால் இழுவை நின்று வண்டி ஆட ஆரம்பிக்கும். பின் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை ஒரே அளவில் வைத்தால் நேராகப் போகும். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். பிள்ளையின் புத்தகப் பையை முதுகில் மாட்டவிடாமல் கேரியரில் வைத்து, வார் எதுவும் தொங்காமல் இறுக்கிக் கட்டுங்கள். நம் துப்பட்டாவையும் சேலைத் தலைப்பையும் அதே மாதிரி இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும்.

சில அப்பாக்கள் செய்வதைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. பிள்ளை சைக்கிளில் போகும், அப்பா பைக்கில் இருந்தபடியே ஒரு காலை நீட்டி சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவார். நேரமாகிவிட்டதாம். சைக்கிள் பிரேக் பிள்ளை மிதிக்கிற வேகத்துக்குத்தான் நிற்கும், பைக் தள்ளுகிற வேகத்துக்கு நிற்காது. நேரமாகிவிட்டால் அன்றைக்கு ஒரு நாள் தாமதமாகப் போகட்டும் அண்ணே. வாத்தியாரிடம் நாம் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

என்னை இந்த ஒரு வருஷத்தில் ஒன்றுமே கேட்காத ஒரே ஆள் என் அம்மா. அதற்குக் காரணம் உண்டு. நாங்கள் அப்போது ராயவரம் பக்கம் இருந்தோம். செட்டிநாடுதான் என்றாலும் புதுக்கோட்டை மாவட்டம். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததோடு பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். களை எடுக்கப் போகிறவர்கள், கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள், பால்வாடி டீச்சர்கள், கிராமத்து நர்ஸ்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததால் ஆண்கள் சைக்கிளிலேயே ஓட்டினார்கள். என் அம்மாவும் அப்படித்தான் ஓட்டினார். அந்த சைக்கிளின் பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைப்பார். அம்மாவின் முழங்கை இரண்டு பக்கமும் என்னை இடித்துக்கொண்டே வரும்.

அப்போது அவருக்கு முப்பது வயது. ஊரில் பேசாத பேச்சு இல்லை. "பொம்பளை சைக்கிள் ஓட்டினா ஊரு உருப்படுமா" என்றவர்களும் இருந்தார்கள். தண்ணீர்க் குடம், ரேஷன் மூட்டை, காய்ச்சலில் கிடந்த பிள்ளை, எல்லாம் அந்த சைக்கிளில் போய் வந்த பிறகு அந்தப் பேச்சு தானாக நின்றுபோனது. என் மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் அம்மா முதலில் சைக்கிளைத்தான் பார்க்கிறார். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பார். போன தடவை, "பிரேக் கட்டை தேஞ்சிருக்கு, இன்னைக்கே மாத்து" என்று சொல்லிவிட்டுத்தான் காப்பியைக் கையில் வாங்கினார். மாற்றினேன்.

என் ஸ்கூட்டிக்கும் ஒரு கதை இருக்கிறது. 2018-இல் வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க, விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய் வரை மானியம் என்று அரசு திட்டம் கொண்டுவந்தது. அதில் வாங்கிய வண்டி இது. ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிற எனக்கு அந்த மானியம் இல்லாவிட்டால் வண்டி என்பது பேச்சோடு போயிருக்கும். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு சைக்கிள் வந்ததும் எனக்கு ஸ்கூட்டி வந்ததும் அரசு ஒரு கை கொடுத்ததால்தான். அந்த நன்றியோடுதான் அடுத்ததையும் கேட்கிறேன்.

பதினோராம் வகுப்பில் அரசு விலையில்லா சைக்கிள் தருகிறது. நல்ல காரியம். ஆனால் அதுவரை ரோட்டையே பார்க்காத பிள்ளை, பதினாறு வயதில் ஒரே நாளில் லாரிக்கு நடுவே எப்படி ஓட்டும்? ஆறாவது ஏழாவதிலேயே ஒரு பெரியவர் பின்னால் வர, கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினால்தான் அந்த சைக்கிள் உண்மையிலேயே உதவும். சைக்கிள் தருகிற அரசு, அதை ஓட்டுவதற்கு ரோட்டு ஓரத்தில் பள்ளம் இல்லாமல் நாலடி அகலமும் தர வேண்டும். காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. மாநகராட்சிக்கு இது பெரிய செலவு இல்லை. பல ஊர்களில் பள்ளிக்கூட நேரத்தில் கனரக வாகனங்களை ஊருக்குள் விடுவதில்லை. அந்தக் கட்டுப்பாடு நம் பள்ளிக்கூட ரோடுகளில் ஒழுங்காக நடக்க வேண்டும்.

இதற்கெல்லாம் காத்திருக்க முடியாமல் சில வீடுகளில் ஒன்பதாவது பத்தாவது படிக்கிற பையன் கையில் ஸ்கூட்டிச் சாவியைக் கொடுத்து, "நீயே போயிட்டு வா" என்று அனுப்பிவிடுகிறார்கள். சட்டம் 2019-இல் மாறிவிட்டது. வயது வராத பிள்ளை வண்டியோடு மாட்டினால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை ஜெயிலும் உண்டு. வண்டிப் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. சட்டத்தை விடுங்கள். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை அந்த வயதுக் கை எப்படி நிறுத்தும் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். அதே பையன் சைக்கிளில் போய், அப்பா பின்னால் வந்தால் நாலு வருஷத்தில் அவனே நல்ல ஓட்டுநராக வருவான்.

எல்லோராலும் என்னைப் போல முடியாது, அதுவும் தெரியும். எட்டு மணிக்கே வேலைக்குப் போக வேண்டியவர்கள் இருக்கிறார்கள். திருச்சி-ராமேஸ்வரம் சாலையைத் தாண்டி வர வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்து கிலோமீட்டரிலிருந்து வருகிறவர்களுக்கு பஸ்தான் சரி. நான் சொல்வது இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் வீடு இருந்தும் முன்னால் ஒரு பிள்ளையை நிற்கவைத்து, பின்னால் இரண்டு பிள்ளைகளை உட்காரவைத்து, ஒருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லாமல் போகிறவர்களிடம். அந்த மூன்றில் மூத்ததையாவது சைக்கிளில் ஏற்றிவிடுங்கள்.

பள்ளிக்கூட வாசல்தான் இன்னும் சரியாகவில்லை. சாயங்காலம் மணி அடித்ததும் இருநூறு ஸ்கூட்டர், ஆட்டோ, வேன் எல்லாம் கேட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். சைக்கிள் பிள்ளைகள் அந்த நெரிசலுக்குள் சந்து தேடி வெளியே வர வேண்டியிருக்கிறது. வழியெல்லாம் நிதானமாக வருகிற என் மகள் தினமும் பயப்படுகிற இடம் அந்த ஐம்பதடிதான். ஹார்ன் சத்தத்தில் அவள் பெல் அடிப்பது யாருக்கும் கேட்காது.

இந்த சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கிறது. மணி அடித்ததும் முதல் பத்து நிமிஷம் சைக்கிள் பிள்ளைகளை மட்டும் வெளியே விடுங்கள், அதுவரை வண்டிகள் கேட்டிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நிற்கட்டும் என்று கேட்கப் போகிறேன். தனியாகக் கேட்டால் சரி பார்க்கலாம் என்பார்கள். நாலு பேர் சேர்ந்து கேட்டால் வேறு மாதிரி இருக்கும். நம் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் யாராவது இதைப் படித்தால் பத்தரைக்கு வந்துவிடுங்கள். நான் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நிற்பேன். மகளும் வருகிறாள், அவள் சைக்கிளில், நான் பின்னால்.