கண் இமையில் ஈர்

அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவள் மகளுக்கு ஐந்து வயது. மூன்று வாரமாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். மெட்ராஸ் ஐ என்றார்கள், அப்புறம் அலர்ஜி என்றார்கள். சொட்டு மருந்து மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு கண் டாக்டர், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவி முன் உட்காரவைத்து இமையைப் பார்த்தார். பொடுகு என்று நாங்கள் நினைத்ததெல்லாம் முடியின் அடியில் ஒட்டிய ஈர். ஓரத்தில் பழுப்பாக இருந்தது பேனின் கழிவு. பேனும் இருந்தது, தோலோடு தோலாக, அசையாமல்.

இது தலைப் பேன் இல்லை. பெரியவர்களின் அந்தரங்க முடியில் இருக்கும் வேறு வகை. நண்டு மாதிரி அகலமான உடம்பு, 2 மில்லிமீட்டருக்கு மேல் வளராது. இமை முடியும் இடைவெளி விட்டு வளர்வதால் அங்கேயும் அதற்குப் பிடி கிடைக்கிறது.

கேட்டதும் அக்காவின் முகம் சுண்டிப்போனது. மாமாவுக்குக் கோபம். ஆனால் அந்த டாக்டர் செய்ததுதான் சரி என்று இன்றும் சொல்வேன். பெற்றோருடன் ஒரே படுக்கையில் படுத்தாலும், ஒரே துண்டில் துடைத்தாலும் குழந்தைக்குத் தொற்றலாம். யாரோ குழந்தையிடம் தவறாக நடந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம். அதனால் எங்களைக் குற்றவாளி போலப் பார்க்காமல், அதே சமயம் கேட்காமலும் விடாமல், குழந்தையிடம் தனியாகப் பேசினார். சந்தேகம் உறுதிப்பட்டிருந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி அவர் புகார் சொல்லியே ஆக வேண்டும். சங்கடப்பட்டு அந்தக் கேள்வியை விழுங்குகிற டாக்டர், குழந்தையைக் கைவிடுகிறார். (குழந்தைகள் உதவி எண் 1098. போனில் வைத்துக்கொள்ளுங்கள்.)

எங்கள் வீட்டில் பெரியவர் ஒருவருக்கு இருந்தது, ஒரே போர்வை. அவருக்கும் வைத்தியம் நடந்தது.

பேனையும் ஈரையும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். குழந்தை அசையாமல் இருக்க வேண்டுமே, ஒரே நாளில் முடியவில்லை. மிச்சத்துக்குக் கண்ணுக்கென்றே தயாரிக்கும் பெட்ரோலியம் ஜெல்லியை இமை ஓரத்தில் தடிமனாக, தினம் மூன்று வேளை, பத்து நாள். பேன் மூச்சடைத்துச் சாகும். ஈர் பொரிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம் என்பதால் நடுவில் நிறுத்தக் கூடாது. பக்கத்து வீட்டுப் பாட்டி மண்ணெண்ணெய் தொட்டு வைக்கச் சொன்னார். தயவுசெய்து வேண்டாம். தலைப் பேனுக்கான லோஷனும் கண் பக்கம் போகக் கூடாது. துணி, தலையணை உறை எல்லாவற்றையும் கொதிக்கும் நீரில் துவைத்தோம்.

பத்தாம் நாள் மறுபடி ஸ்லிட் லேம்ப். இரண்டு இமையும் சுத்தம். இப்போது அவள் தனித் துண்டு வைத்திருக்கிறாள், மஞ்சள் நிறத்தில், யாரையும் தொடவிடுவதில்லை.