ரெண்டு பேருக்கு மூணு துண்டா?

உணவகத்துல ரெண்டு பேர் உட்கார்ந்திருக்கிற மேசையில மூணு துண்டு கொண்டாந்து வைக்கிறாங்களே, அது என்ன கணக்கு? கேட்டா, "இது பகிர்ந்து சாப்பிடுற தட்டு"ன்னு பதில் வருது. மூணை ரெண்டு பேர் எப்படிப் பகிர்றது?

அக்காவுக்குப் பதவி உயர்வு கிடைச்சிருக்கேன்னு ஆசை ஆசையா சிங்கப்பூர்ல தெலுக் ஆயர் பக்கம் ஒரு உணவகத்துல மேசை பதிவு பண்ணிக் கூட்டிட்டுப் போனேன். இவ்வளவு பெரிய பீங்கான் தட்டு. நடுவுல கட்டைவிரல் அளவுக்கு மூணு கணவாய்த் துண்டு, ஓரமா கரண்டியால இழுத்துவிட்ட சாஸ். 28 வெள்ளி, அதாவது 28 சிங்கப்பூர் டாலர்! ருசியைக் குறை சொல்ல மாட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு. அக்கா மூணாவது துண்டைக் கத்தியால அறுத்து, பெரிய பாதியை என் பக்கம் தள்ளினாங்க. "எனக்குப் போதும்டா, நீ சாப்பிடு." அம்மா கோழி பொரிக்கிற நாள்ல அக்கா சொல்ற அதே பொய். அன்னிக்கு அதை வீட்டுல இல்ல, உணவகத்துல சொன்னாங்க. இவ்வளவு காசு கொடுக்கிற இடத்துலயும் என் அக்கா அதைச் சொல்லணுமா? வயிறு எரிஞ்சிருச்சு எனக்கு.

ஆட்டிறைச்சி குழம்போட வந்துச்சு, தொட்டுக்க ரொட்டி வரல. ரொட்டி வந்தப்ப குழம்புத் தட்டை எடுத்துட்டுப் போயிட்டாங்க. எது முதல்ல ரெடியாகுதோ அது முதல்ல வருமாம். அது அடுப்படிக்கு வசதி, சாப்பிடுறவனுக்கு என்ன வசதி? இதுல ஒன்றரை மணி நேரத்துல எழுந்திருக்கணும்னு வேற. தண்ணிக்குத் தனிக் காசு.

அடுத்து பில். மெனுவுல விலைக்குப் பக்கத்துல பொடியா ரெண்டு பிளஸ் குறி இருந்துச்சே, அதுக்கு அர்த்தம் இதுதான். 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதையும் சேர்த்து அது மேல 9 விழுக்காடு ஜிஎஸ்டி. 100 வெள்ளிக்குச் சாப்பிட்டா 119.90 கட்டணும். 2023ல 8, 2024ல 9ன்னு வரி ஏறினதுக்கு உணவகம் பொறுப்பில்ல, சரி. ஆனா ஜிஎஸ்டிக்குப் பதிஞ்ச மத்த கடைங்க வரியோட சேர்த்துத்தான் விலை காட்டணும்னு விதி இருக்கு. சேவைக் கட்டணம் வாங்குற ஹோட்டலுக்கும் உணவகத்துக்கும் மட்டும் அதுல விலக்கு! என்ன நியாயம் இது? கியூஆர் குறியை ஸ்கேன் பண்ணி ஆர்டர் போட்டது நான். அப்புறம் எந்தச் சேவைக்குக் கட்டணம்? அந்தப் பணம் தட்டு தூக்குற பிள்ளைங்க கைக்குத்தான் போகணும்னு சட்டமும் கிடையாது.

ரெண்டு பேர் வந்தா நாலு துண்டு வைங்க. அதுக்குக் கூடுதல் காசு கேளுங்க, கொடுக்கிறேன். ஆனா நான் கட்டப்போற முழு விலையையும் மெனுவுலயே போடுங்க.