கோன் ஃபில்டரும் சென்னை வெயிலும்
'கோன் ஃபில்டர் மாட்டினாலே பழைய மாருதி ஜிப்ஸி ஜீப்புக்கு பவர் கூடும்' என்று ஒரு கட்டுரையில் படித்தேன். இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும், மூடி இல்லாத கூம்பு வடிவ ஃபில்டர் அது. நம் ஊர் வெயிலுக்கு அந்த யோசனை சரிவராது. என்னிடம் இருப்பது 1.3 லிட்டர் எம்.பி.எஃப்.ஐ (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர்கள் பெட்ரோலைத் தெளிக்கும்) வண்டி. புதுப்பேட்டையில் ஒரு கோன் ஃபில்டர் வாங்கி மாட்டினேன். சத்தம் கூடியது உண்மை, ஆனால் மே மாத மதியத்தில் கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது வண்டி முன்பைவிட மந்தமாக இழுத்தது. பானெட்டுக்குள் திறந்து கிடக்கும் ஃபில்டர், ரேடியேட்டரைத் தாண்டி வரும் சூடான காற்றைத்தான் உறிஞ்சும். காற்றின் சூடு 3 டிகிரி ஏறினால் அடர்த்தி ஏறக்குறைய 1 சதவீதம் குறையும்; அடர்த்தி குறைந்தால் பவரும் குறையும். 30 டிகிரி ஏறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஃபில்டரை மூடி வைக்கும் பழைய ஏர் பாக்ஸையே திரும்ப மாட்டி, அதன் குழாயை வெளிக்காற்று படும் இடத்துக்கு நீட்டினேன். அப்புறம் தம்பியை ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிக்கச் சொல்லிவிட்டு த்ராட்டிலுக்குள் (இன்ஜினுக்குப் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் வாசல்) எட்டிப் பார்த்தால், அதன் தகடு முக்கால்வாசிதான் திறக்கிறது! ஆக்ஸிலரேட்டர் கேபிள் தொய்ந்திருந்தது. அதை இறுக்கும் நட்டை நாலு சுற்று திருகியதில் கிடைத்த இழுவையை எந்த ஃபில்டரும் எனக்குத் தரவில்லை. ஸ்நார்க்கல் (வண்டியின் கூரை உயரத்திலிருந்து காற்றை எடுக்கும் குழாய்) போடலாமா என்று கேட்ட நண்பருக்கு: தாராளமாகப் போடுங்கள், தண்ணீருக்கு மட்டுமல்ல, குளிர்ந்த காற்றுக்கும் அது நல்லது. ஆனால் இணைப்புகளில் ஓட்டை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.