கடைசிப் படகு போன பிறகு கச்சேரியா?

தீவில் இசை நிகழ்ச்சி ஏற்பாடு செய்கிறவர்கள் படகு நேரத்தை ஏன் பார்ப்பதே இல்லை? மாலை 6 மணி என்று அறிவிக்கிறார்கள். வரவேற்புரை, சிறப்புரை, வாழ்த்துரை, அப்புறம் நினைவுப் பரிசு. எல்லாம் முடிந்து முதல் பாட்டு தொடங்கும்போது, பக்கத்துத் தீவிலிருந்து வந்தவர்கள் கடைசிப் படகைப் பிடிக்க எழுந்துவிடுகிறார்கள். பாட்டுக் கேட்க வந்தவர்கள் பேச்சை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். எவ்வளவு பெரிய அநியாயம் இது!

உள்ளூர்க் கலைஞர்களை நடத்தும் விதம் இன்னும் மோசம். வெளியூர்க் குழுவுக்குப் பயணச் செலவு, தங்குமிடம், சம்பளம் எல்லாம் உண்டு. அவர்களே மதியம் முழுக்க சவுண்ட் செக் செய்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. கடற்காற்றின் ஈரத்தில் தோல் வாத்தியம் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். மரக்கருவிகள் ஈரத்தை இழுத்து உப்பிக்கொள்ளும். உப்புக்காற்றில் இரும்புக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். இங்கே மேடையிலேயே சுருதி சேர்க்க நேரம் வேண்டும். அதைக் கொடுக்காமல் ஏற்றிவிட்டு, "சுருதி சேரவில்லையே" என்று குறை சொன்னால் கோபம் வராதா?

இருக்கும் கொஞ்சம் பேருக்கு, ஒரே நாளில் நாடகமும் கச்சேரியும் வேறு. இரண்டிலும் பாதி நாற்காலி காலி.

நாள் குறிக்கும் முன் படகுத்துறைக்கு ஒரு போன் போடுங்கள். பேச்சாளர்களைக் கடைசியில் பேசச் சொல்லுங்கள்.